கைக்கும் வாய்க்கும் நடுவே

தையல்காரம்மா நாடாவின் ஒரு முனையை மகளின் வலது அக்குளில் வைத்து இடுப்பு வரை இழுத்தாள். பிறகு இடது அக்குளில் வைத்தாள். அங்கே இழுப்பதற்கு இடமே இல்லை; நாடா நெளிந்து விரலுக்குள்ளேயே நின்றுவிட்டது. தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் துணி தைக்கிறாள். தொப்பை, கூன், ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியது என்று எத்தனையோ உடம்புகளைப் பார்த்த கை. ஆனால் ஒரே உடம்புக்கு இரண்டு அளவு எடுப்பது இந்தப் பெண்ணுக்கு மட்டும்தான். வலது பக்கத் துணியை நீளமாக வெட்டுவாள், இடது பக்கத்தைக் குட்டையாக வெட்டுவாள். முதுகில் விலா எலும்பு புடைத்து நிற்கிற இடத்தில் சுருக்கம் கொடுப்பாள், இறங்கிப்போன தோளுக்குள் பஞ்சு வைப்பாள், பொத்தான் வரிசையை யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் ஓரமாகத் தள்ளுவாள். உடுத்தி உட்கார வைத்தால் போதும், பார்க்கிறவர் கண்ணில் மண்ணைத் தூவிவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று யார் சொன்னது? அவள் வருடக்கணக்காக மறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, நாடா தீந்து போச்சா?" என்றாள் மகள்.

"சும்மா இருடி. மூச்சை நல்லா இழு, மார்பு அளவு எடுக்கணும்."

மகள் இழுத்தாள். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தாள். தையல்காரம்மா நாடாவைச் சுற்றிப் பிடித்தபடி காத்திருந்தாள். விரலுக்குக் கீழே நெஞ்சு விரியவே இல்லை. "இவ்வளவுதாம்மா ஸ்டாக்கு" என்று மகள் சிரித்தாள். அந்தச் சின்ன வாக்கியத்துக்கு நடுவிலேயே ஒரு தடவை மூச்சு வாங்கினாள். தையல்காரம்மா கத்தரிக்கோலை எடுக்காமல் துணியை மடித்து வைத்தாள்.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் தலைவி என்று பெயர். வைத்தவர் அப்பா, பஸ் டிரைவர். மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே விசிறியைக் குறை, கதவைத் திற, அந்தப் பாட்டை நிறுத்து என்று அவள் போடுகிற உத்தரவுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பிறவியிலேயே தசைக்குப் பலமில்லாத நோய். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராது. நடந்ததே கிடையாது. ஐந்து வயதில் இடது பக்கமாகச் சாயத் தொடங்கினாள். பிளாஸ்டிக்கில் கவசம் மாதிரி ஒன்றைச் செய்து மாட்டினார்கள். சாய்வதைக் கொஞ்சம் தாமதப்படுத்தியது, நிறுத்தவில்லை. "அஞ்சுல வளையாததுதாம்பா அம்பதுல வளையாது. நான் அஞ்சுலயே வளைஞ்ச நல்ல பிள்ளை" என்று பதினான்கு வயதில் அவளே சொல்லிக்கொள்வாள். வாய்க்கு மட்டும் எந்த நோயும் இல்லை.

போன வருடம் முதுகை எக்ஸ்ரே படம் எடுக்கப் போகவில்லை. போக வேண்டிய வாரத்தில் டிரைவருக்கு லீவு கிடைக்கவில்லை, அப்புறம் மழை, அப்புறம் தையல் வேலை. உண்மையான காரணம் அதுவா? தலைவி புதுச்சட்டையில் நேராகத்தான் தெரிந்தாள். தைத்தவளே தன் தையலை நம்பிவிட்டாள்.

இந்தத் தடவை தள்ளிப்போடாமல் போனார்கள். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகுப் பக்கம் திறந்த மெல்லிய அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு. அதை மாட்டிச் சாய்மானம் இல்லாத பலகையில் இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தபோதுதான், தையல்காரம்மா தன் மகளைத் தன் கைவேலை இல்லாமல், நேர் வெளிச்சத்தில் பார்த்தாள். தினமும் குளிப்பாட்டுகிற உடம்புதான். ஆனால் குளிப்பாட்டும்போது படுக்க வைத்திருப்பாள், அளவு எடுப்பது நாற்காலியில் சாய்த்து, சட்டைக்கு மேலேதான். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் இடது விலா இடுப்பெலும்பின் மேலேயே போய் அமர்ந்துவிடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. பாரமெல்லாம் வலது பக்கம் விழுந்து அங்கே தோல் கன்றிச் சிவந்திருந்தது.

எலும்பு டாக்டர் சின்ன உருவமும் பெரிய குரலுமாக ஒரு அம்மாள். படத்தைத் திரையில் போட்டார். கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய சின்னச் சின்னக் கட்டைகள், கழுத்திலிருந்து கிளம்பி, ஒரு பக்கமாக ஒதுங்கி, பெரிய வளைவாக வளைந்து, ஒன்றுகூட அடுக்கிலிருந்து தவறாமல் இடுப்புக்கு வந்து சேர்ந்திருந்தன. பயமாகத்தான் இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. இவ்வளவு வளைந்தும் அறுந்து போகாமல், உள்ளே ஓடுகிற நரம்பை நசுக்காமல், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வழி விட்டு, இத்தனை நாள் இவளைத் தாங்கியிருக்கிறதே! அம்மாடி, இதையா நான் சுருக்கம் வைத்து மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"எலும்புல ஒரு குத்தமும் இல்லம்மா" என்றார் டாக்டர். "நாலா பக்கமும் தசை இழுத்துப் பிடிக்கறதாலதான் இந்த அடுக்கு நிக்குது. இவளுக்கு இழுத்துப் பிடிக்கற ஆளுங்க லீவு."

"நிரந்தர லீவு டாக்டர்" என்றாள் தலைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. போன வருடமே பார்த்திருக்க வேண்டும் என்றார், திட்டாமல்தான் சொன்னார். இரண்டு பக்கமும் கம்பி வைத்து, ஒவ்வொரு எலும்பிலும் திருகாணி போட்டு, கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை நிமிர்த்திக் கட்டிவிடலாம். பிறகு எல்லாம் ஒட்டி ஒரே எலும்பாகிவிடும். நோய் போகாது, நடக்க மாட்டாள். ஆனால் நேராக உட்காருவாள், இருக்கிற மூச்சைக் காப்பாற்றலாம். இன்னும் தள்ளிப்போட்டால் மயக்க மருந்தைத் தாங்குகிற அளவுக்கு நுரையீரல் இருக்காது.

"அப்புறம் நான் குனிய முடியுமா?" என்றாள் தலைவி.

"முடியாதும்மா. கழுத்து மட்டும் ஆடும்."

"அப்ப எப்படிச் சாப்பிடுவேன்?"

டாக்டரின் பெரிய குரல் முதல் தடவையாக இறங்கியது. "நீ இப்ப குனிஞ்சுதான் சாப்பிடறியா? சில பேரு திரும்பக் கத்துக்கறாங்க. சில பேருக்கு முடியறதில்ல. உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

இது ஒரு கேள்வியா என்று இருந்தது தையல்காரம்மாவுக்கு. உயிர் போகிற பேச்சுக்கு நடுவில் சாப்பாட்டுப் பேச்சு. "ஊட்டறதுக்குத்தான் நான் இருக்கேனே, கல்லு மாதிரி!" என்றாள். வீடு வந்து சேரும் வரை தலைவி ஒரு உத்தரவும் போடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மேசையில் தட்டை வைத்துவிட்டு, வழக்கம்போல் மெஷினுக்குத் திரும்பாமல், தையல்காரம்மா எதிரிலேயே உட்கார்ந்தாள். வருடக்கணக்காக அந்தப் பெண் தானே சாப்பிடுகிறாள். இவள் தட்டு காலியானதா என்று பார்த்திருக்கிறாளே தவிர, சாப்பிடுவதைப் பார்த்ததில்லை. தலைவி முதலில் இடது கையின் விரல்களால் மேசை விளிம்பில் நடந்து நடந்து, முழங்கையை ஒரு இடத்தில் ஊன்றினாள். பிறகு வலது முழங்கையைத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். ஸ்பூனைத் தூக்கவில்லை, தூக்க அந்தக் கையில் பலம் கிடையாது. மணிக்கட்டை மட்டும் மடக்கி ஸ்பூனை ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்தாள். அதற்கப்புறம்தான் உடம்பு வந்தது. இடது பக்கமாக அந்த வளைவு இன்னும் வளைந்தது, மடங்கியது, முன்னால் சரிந்தது, தலை தானாக இறங்கி வந்து ஸ்பூனுக்கு மேல் சரியாக நின்றது. வாயை மூடினாள். பிறகு இடது முழங்கையை அழுத்தி, அதே வளைவின் மேல் ஏறி நிமிர்ந்தாள். ஒரு வாய்க்கு இத்தனை வேலை. அடுத்த வாய்க்கு மறுபடி முதலிலிருந்து.

தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, துக்கத்தால் அல்ல. கை வாய்க்கு ஏறாது என்று தெரிந்ததும் வாயைக் கைக்கு இறக்கியிருக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது? எந்த டாக்டரும் இல்லை, பெற்றவளான தானும் இல்லை. நாடா வைத்து அளந்து, ஐயோ இன்னும் கோணிவிட்டதே என்று தான் புலம்பிய ஒவ்வொரு வருடமும், இந்தப் பெண் அந்தக் கோணலைப் பிடித்துப் பழக்கி வேலை வாங்கியிருக்கிறாள். அடேங்கப்பா, என்ன மூளை, என்ன பொறுமை! தன் வயிற்றில் பிறந்ததுதானா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா முறைக்கற?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

"நீ ஊட்டினா உன் அவசரத்துக்கு நான் மெல்லணும்மா" என்றாள் தலைவி, தட்டைப் பார்த்தபடி, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. "அப்பா ஊட்டினா பஸ்ஸு கெளம்பப் போற மாதிரி இருக்கும். குளிப்பாட்டறீங்க, பொரட்டிப் படுக்க வெக்கறீங்க, மூக்கு அரிச்சாக்கூட நீங்கதான் சொறியறீங்க. எனக்குன்னு நான் செஞ்சுக்கறது இது ஒண்ணுதான். இதையும் குடுத்துட்டா அப்புறம் நான்னு ஒருத்தி எங்க இருக்கேன்?"

மூச்சே இல்லாவிட்டால் சாப்பிட்டு என்னடி செய்வாய் என்று தையல்காரம்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். அதைச் சொல்லாமல் இருந்ததுதான் அவள் வாழ்க்கையில் செய்த மிகக் கஷ்டமான வேலை. அடுத்த சில நாட்கள் மெஷினை மிதித்துக்கொண்டே காதை மட்டும் மகளின் பக்கம் வைத்திருந்தாள். வாக்கியத்துக்கு நடுவில் எத்தனை இடத்தில் நிற்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற டிரைவர், வந்ததும் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முடிவு சிரிப்பில்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் தன் பஸ்ஸில் ஏறிய ஒரு பெரியவரின் கதையைச் சொன்னார். இறங்க வேண்டிய இடத்தில் தூங்கிவிட்டு, எழுந்ததும், வண்டியைத் திருப்பு என்று சண்டை போட்டாராம். தலைவி விழுந்து விழுந்து சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் அடைத்துக்கொண்டது. உதடு நிறம் மாறியது. இருவரும் பாய்ந்து வந்து தூக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள், வெகுநேரம். மூச்சு திரும்பியதும் அவள் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை. டிரைவர் துடைத்துவிட்டார்.

"சிரிக்கக்கூட முடியலன்னா எப்படிப்பா" என்றாள். "சரி, போடச் சொல்லுங்க கம்பிய. ஆனா ஒரு கண்டிஷன். சாப்பாட்டு மேசையில நான் கேக்காம ஒருத்தர் கையும் என் ஸ்பூன் பக்கம் வரக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் சரி, சிந்தினாலும் சரி."

"தலைவர் உத்தரவு" என்று டிரைவர் உடனே கையை உயர்த்தினார். தையல்காரம்மா மகளின் கலைந்த சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். பெற்றவளுக்கு இப்படியும் ஒரு கட்டளையா? "அம்மா?" என்றாள் தலைவி. "சரிடி" என்றாள்.

ஆபரேஷன் அன்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே, காலை வெயில் மாலை வெயிலாகும் வரை உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மகளின் முதுகு திறந்து கிடக்கிறது என்ற நினைப்பு வரும்போதெல்லாம் தையல்காரம்மா புடைப்பும் பள்ளமுமான அந்த முதுகை மனசுக்குள் தடவிக்கொண்டாள். இனி அது இருக்காது. போகட்டும் என்றும் இருந்தது, ஐயோ என்றும் இருந்தது. டாக்டர் வெளியே வந்தபோது முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. "நல்லா வந்திருக்கு" என்றார். அந்தப் பெரிய குரலும் களைத்துப்போயிருந்தது. டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வலியைப் பற்றிச் சொல்லி மாளாது. மூச்சுக்காகத் தொண்டையில் செருகியிருந்த குழாயை எடுத்த பிறகும் தலைவி பேசவில்லை, முனகினாள். பிறகு ஒருநாள் நான்கு பேர் சேர்ந்து பிடித்து, அவளைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். தையல்காரம்மா வழக்கப்படி இடது பக்கம் கொஞ்சம் குனிந்து பார்த்தாள், மகள் முகம் எப்போதும் அங்கேதான் இருக்கும். அங்கே தோள்தான் இருந்தது. முகம் மேலே இருந்தது. தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில், கழுத்து நீண்டு, தோள் இரண்டும் அகன்று, யாரோ ஒரு பெரிய பெண் உட்கார்ந்திருந்தாள். யார் வீட்டுப் பிள்ளை இது! இவ்வளவு உயரம் இத்தனை நாள் எங்கே மடிந்து கிடந்தது? உள்ளேயேதான் இருந்திருக்கிறது. தையல்காரம்மாவுக்குக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. டாக்டரையா, கம்பியையா, அந்த எலும்புகளையா என்று தெரியவில்லை.

"அப்பா, உங்க தலையில இவ்வளவு சொட்டையா!" என்றாள் தலைவி. டிரைவர் கீழே குனிந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் முழு வாக்கியம். நடுவில் எங்கும் நிற்கவில்லை. வார்டே திரும்பிப் பார்த்தது. டிரைவர் சொட்டையைத் தடவிக்கொண்டு, "ஆமா தலைவரே, இனிமே இந்த வீட்டுல முதுகெலும்பு உள்ள ஆளு நீங்கதான்" என்றார்.

வீட்டுக்குப் போகிற அன்றைக்கென்று தையல்காரம்மா ஒரு சட்டை தைத்து வைத்திருந்தாள். கழுத்தோரம் பூவேலை, நல்ல துணி. மாட்டிவிட்டால் வலது பக்கம் தொடை வரை தொங்கியது, இடது பக்கம் விலாவுக்கு மேல் ஏறிக்கொண்டது, பொத்தான் வரிசை கோணலாக ஓடியது. கை பழகின வழியிலேயே வெட்டியிருக்கிறது, அவள் கவனிக்கவே இல்லை. நர்சு என்னவென்று புரியாமல் பார்த்தாள். "அம்மா, ஆளு நேராயிட்டேன், டெய்லருக்குத்தான் இன்னும் செய்தி போகல" என்றாள் தலைவி. அப்படியே போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, அந்தக் கோணல் சட்டையிலேயே நேராக உட்கார்ந்து வீடு வந்தாள்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. வீட்டு மேசை பழைய உடம்புக்குச் செய்தது. தட்டு எங்கோ பள்ளத்தில் இருந்தது. முழங்கை விளிம்புக்கு எட்டவில்லை, எட்டினாலும் உடம்பு மடங்க மாட்டேன் என்றது. தலைவி ஸ்பூனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். அதற்கும் வாய்க்கும் நடுவில் ஒரு முழம் காற்று. "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சொல்லுவாங்களே, அது என்னைப் பாத்துத்தான் சொன்னாங்க போல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. "அம்மா, ஊட்டு" என்றாள். அவள் கேட்டாள், இவள் ஊட்டினாள். மெதுவாகத்தான் ஊட்டினாள், மெல்லும் வரை காத்திருந்தாள். ஆனாலும் மகள் தட்டைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்தபடி விழுங்கினாள். பாதித் தட்டிலேயே போதும் என்பாள். மூச்சு சீராக இருந்தது, முகம் மட்டும் நாளுக்கு நாள் வற்றியது.

ஆஸ்பத்திரியிலிருந்து கைப்பயிற்சி கொடுக்க வருகிற அக்கா ஒரு வழி சொன்னாள். நாற்காலியின் பின்னால் ஒரு கம்பியை நிறுத்தி, தலைக்கு மேலே வளைத்து, அதிலிருந்து எலாஸ்டிக் பட்டையில் ஒரு துணித் தொட்டில் தொங்கவிட்டு, அதற்குள் கையை வைத்தால், கையின் பாரத்தைப் பட்டை ஏற்றுக்கொள்ளும். இருக்கிற துளிப் பலம் ஸ்பூனுக்கு மிஞ்சும். எல்லோருக்கும் பலிக்காது, பார்க்கலாம் என்றாள். டிரைவர் கம்பியை வளைத்து வந்தார், மேசைக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தினார். தையல்காரம்மா தொட்டில் தைத்தாள். முதல் பட்டை முரடு. கையை வைத்ததும் விருட்டென்று மேலே இழுத்து, ஸ்பூனில் இருந்ததெல்லாம் தலைவியின் நெற்றியில் அப்பியது. அடுத்தது தொய்ந்து, கை மேசையிலேயே கிடந்தது. தைத்தாள், பிரித்தாள், தைத்தாள். ஒன்று கொஞ்சம் சரியாக வந்தது. கை மிதந்தது, ஆனால் போகச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. காதுக்குப் போனது, மோவாயில் இடித்தது. பல நாள் இதே கூத்துதான். தலைவி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்பாள். கடைசியில் வேர்த்து ஓய்ந்துபோய், "அம்மா, ஊட்டு" என்பாள்.

அப்படி ஒருநாள் மூன்று பேரும் மேசையில் இருந்தார்கள். பகல் சாப்பாடு, ஜன்னல் வழியாக வெயில் தட்டில் விழுந்திருந்தது. தலைவி கையைத் தொட்டிலுக்குள் வைக்கச் சொன்னாள். ஸ்பூனில் கொஞ்சமாக எடுத்தாள். முழங்கையை ஒரு நூல் அளவு பின்னால் இழுத்தாள். கை கிளம்பியது. நடுங்கி, நின்று, மறுபடி கிளம்பி, நெஞ்சைத் தாண்டியது, கழுத்தைத் தாண்டியது. கீழுதட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து அப்படியே நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் விழவில்லை. ஸ்பூனின் ஓரத்திலிருந்து ஒரு பருக்கை உதிர்ந்தது. டிரைவர் மெல்லுவதை நிறுத்தினார். தையல்காரம்மாவின் வலது கை மேசைக்கு மேலே வந்துவிட்டிருந்தது, அவளைக் கேட்காமலே. ஒரு விரலால் தொட்டால் போதும். அடியில் லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான், யாருக்குத் தெரியப்போகிறது?

மகளின் கண் அம்மாவின் கை மேல் இருந்தது. வாயைத் திறந்து பேசினால் தலை ஆடும், தலை ஆடினால் ஸ்பூன் சிந்தும், அவள் பேசவில்லை. பார்த்தாள். அந்தப் பெரிய, நேரான, புதுப் பெண் மேலிருந்து பார்த்தாள்.

தையல்காரம்மா கையை எடுத்துத் தன் சோற்றின் மேல் வைத்தாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் உடம்பைப் பார்த்தே பிழைத்த கண்ணைப் பிடித்துத் தன் தட்டில் போட்டாள். தன் சாப்பாட்டை எடுத்தாள், வாயில் வைத்தாள், மென்றாள். ருசி ஒன்றும் தெரியவில்லை. வெயில் விழுந்த மேசையில் பட்டையின் நிழல் மெல்ல ஆடியது, இழுபட்டது, நின்றது. எதிரில் மூச்சு ஒன்று நீளமாக, தடையில்லாமல் உள்ளே போகும் சத்தம் கேட்டது. அப்புறம் மகளின் ஸ்பூன் பல்லில் படுகிற சின்னச் சத்தம்.

தையல்காரம்மா தலை நிமிரவில்லை. குனிந்தபடியே அடுத்த வாய் எடுத்தாள்.